"சேவையின் தேவை கருதி" இடமாற்றம்: அரசியல் பழிவாங்கல் என்று வழக்குப் போடலாமா?

கொட்டாஞ்சேனை_13

எல்லோருக்கும் வணக்கம். நான் கொழும்பு மாவட்டத்தில் ஒரு அரச அலுவலகத்தில் முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர். வெள்ள நிவாரணப் பட்டியல் என் மேசையில்தான் தயாரானது. கிராம அலுவலர் உறுதிப்படுத்தாத சில பெயர்களைச் சேர்க்கச் சொல்லி ஒரு அரசியல்வாதியின் இணைப்புச் செயலாளர் கோல் எடுத்தார். "எழுத்தில் தாங்க சேர், மேலே அனுப்புறேன்" என்றேன். அவர் தரவில்லை. கோல் வந்த திகதி, நேரம், கேட்ட பெயர்கள் எல்லாவற்றையும் கோப்பிலேயே குறிப்பெழுதி, பொறுப்பதிகாரியிடம் சுருக்கொப்பமும் வாங்கிக்கொண்டேன். சில நாளில் அவரே அலுவலகத்துக்கு வந்து, எல்லோர் முன்னாலும், "மிஸ்ஸுக்குக் கொழும்பு ஒத்துவராது போல" என்று சிங்களத்தில் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது மொனராகலைக்கு இடமாற்றக் கடிதம். காரணம் ஒரே வரி: சேவையின் தேவை கருதி. வருடாந்த இடமாற்றப் பட்டியலில் என் பெயர் இருக்கவே இல்லை. மகள் இந்த முறை ஓ எல். திணைக்களத்துக்கு மேன்முறையீடு எழுதினேன், "பார்ப்போம்" என்கிறார்கள். கடிதம் கிடைத்து மூன்று வாரமாகிறது.

இது சட்டப்படி பிழையா, இல்லை வெறும் அநியாயம் மட்டுமா? வழக்குப் போட்டால் மாட்டுவது கையெழுத்துப் போட்ட அதிகாரியா, கோல் எடுத்தவரா? அவருக்கு ஒன்றும் ஆகாது என்றால் நான் ஏன் அலைய வேண்டும் என்றும் தோன்றுகிறது.

தெமட்டகொடை_நானா

தங்கச்சி, கேஸ் என்று போனால் மிச்ச சேர்விஸ் முழுக்க உங்கள் பெயரில் சிவப்புக் கோடுதான். பேசாமல் போய்ப் பாரமெடுங்க. ஆட்சி மாறினதும் "அரசியல் பழிவாங்கலுக்கு உள்ளானோர்" என்று ஒரு குழு போடுவார்கள், அதில் விண்ணப்பம் போட்டால் பின்தேதியிட்டு எல்லாம் கிடைக்கும். எங்கட மாமா 2015க்குப் பிறகு அப்படித்தான் பதவி உயர்வு எடுத்தவர்.

புதுக்கடை_பழையவன்

நான் சட்டத்தரணி இல்லை. புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவன். அடிப்படை உரிமை மனுக்கள் தட்டச்சு செய்தே கைவிரல் தேய்ந்தது. அதனால் முதலில் அவசரமானதைச் சொல்கிறேன்: உங்களுக்கு இருப்பது ஒரு மாதம், அதில் மூன்று வாரம் போய்விட்டது.

அரசியலமைப்பின் 126ஆவது உறுப்புரைப்படி உரிமை மீறப்பட்டு ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனு இருக்க வேண்டும். திணைக்களத்துக்கு எழுதிய மேன்முறையீடு அந்த மாதத்தை நிறுத்தாது. கமேதிகே எதிர் சிறிவர்தன வழக்கில் 1988லேயே நீதியரசர் மார்க் பெர்னாண்டோ இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். "பார்ப்போம்" என்று திணைக்களத்தில் சொன்னதை நம்பி நாள் கடத்தியவர்கள் எத்தனையோ பேர், நல்ல வழக்கோடு வந்து வாசலிலேயே திரும்பினார்கள். அவர்கள் வேண்டுமென்றேதான் "பார்ப்போம்" என்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதனால் லாபம் அவர்களுக்குத்தான்.

சட்டப்படி பிழையா என்றால், ஆம். அரசியலமைப்பின் 12(1) சட்டத்தின் முன் சமத்துவம். 12(2) அரசியல் கருத்தின் காரணமாகப் பாரபட்சம் காட்டக்கூடாது என்று பெயர் சொல்லியே தடுக்கிறது. நீங்கள் எந்தக் கட்சிக்காரியும் இல்லை என்பதால் 12(1) தான் உங்களுக்குப் பலம்: பட்டியலில் இல்லாத ஒருவரை, காரணம் காட்டாமல், ஒரு மிரட்டலுக்குப் பின்னால் தூக்கியிருக்கிறார்கள். ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இடமாற்றம் என்றால் நீதிமன்றம் உடனே கை வைக்காது, அது நிர்வாகத்தின் வேலை என்றே தொடங்கும். அதை அசைப்பது உங்கள் கண்ணீர் இல்லை, அந்தக் கோப்புக் குறிப்பு. சுருக்கொப்பத்தோடு திகதி போட்டு வைத்தீர்களே, அதற்காக உங்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

இனி, யாருக்கு என்ன ஆகும் என்ற கேள்வி. பழைய கதை ஒன்று இருக்கிறது. 1982 டிசம்பர் சர்வஜன வாக்கெடுப்பின் போது "பவிதி ஹண்ட" என்ற அமைப்பின் துண்டுப்பிரசுரங்களைப் பொலிஸ் அத்தியட்சகர் உடுகம்பொல கைப்பற்றினார். பேச்சுரிமை மீறல் என்று 1983ல் தீர்ப்பளித்த உயர் நீதிமன்றம் அவர் 10,000 ரூபா கட்ட வேண்டும் என்றது. ஜே.ஆர். ஜயவர்தன அரசாங்கம் என்ன செய்தது? அவருக்குப் பதவி உயர்வு கொடுத்தது, காசையும் அரச பணத்தில் கட்டியது. அதே 1983ல் இடதுசாரித் தலைவி விவியன் குணவர்தனவின் வழக்கிலும் தீர்ப்பு பொலிசுக்கு எதிராக வந்தது, அந்த அதிகாரிக்கும் பதவி உயர்வு. நீதியரசர்களின் வீட்டு வாசலில் போய்க் காடையர் கூச்சல் போட்டார்கள். எங்கள் சேர் அந்தக் காலத்தைப் பற்றிப் பேசினால் தேநீர் ஆறிவிடும்.

இன்றைய நிலைமை அதுவல்ல. 2023 ஜனவரி 12ல் உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல் வழக்கில் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தன் சொந்தப் பணத்தில் 10 கோடி ரூபா கட்ட வேண்டும் என்றார்கள். முன்னாள் பொலிஸ் மா அதிபருக்கும் அரச புலனாய்வுத் தலைவருக்கும் தலா 7.5 கோடி. அது பழிவாங்கல் வழக்கில்லை, கடமையில் கோட்டை விட்ட வழக்கு. ஆனால் "சொந்தப் பணத்தில்" என்ற அந்த இரண்டு சொல்லைத்தான் அதிகாரிகள் இன்று பயத்தோடு வாசிக்கிறார்கள். அதே வருடம் டிசம்பர் 14ல் ஒரு சித்திரவதை வழக்கில் அப்போதைய பதில் பொலிஸ் மா அதிபர் தேசபந்து தென்னகோன் உரிமையை மீறினார் என்று தீர்ப்பு, 5 இலட்சம் ரூபா கைப்பணம், ஒழுக்காற்று நடவடிக்கைக்கும் பணிப்பு. அடுத்த பெப்ரவரியில் அவரையே நிரந்தரப் பொலிஸ் மா அதிபராக்கினார்கள், 1983 திரும்பி வந்த மாதிரி. ஆனால் 2024 ஜூலையில் நீதிமன்றம் அந்த நியமனத்தை இடைநிறுத்தியது, 2025 ஓகஸ்ட் 5ல் பாராளுமன்றம் 177 வாக்குகளால் நீக்கியது. நீக்கத்துக்கு வேறு குற்றச்சாட்டுகளும் இருந்தன, அந்தத் தீர்ப்பு ஒன்றே காரணம் என்று சொல்ல வரவில்லை. பெயர் தீர்ப்பில் பதிந்தால் அது எத்தனை வருடம் பின்னால் வரும் என்பதற்குச் சொல்கிறேன்.

நானாவுக்கு ஒரு வார்த்தை. அந்தக் குழுக்களை நம்புவதுதான் எனக்குப் பிடிக்காத விஷயம். 2019 நவம்பரில் ஆட்சி மாறி சில நாளிலேயே சீ.ஐ.டி. பணிப்பாளர் ஷானி அபேசேகரவைக் காலியில் ஒரு டீ.ஐ.ஜி.யின் (பிரதிப் பொலிஸ் மா அதிபரின்) உதவியாளராக அனுப்பினார்கள். அதற்கடுத்த வருடம் அமைத்த அரசியல் பழிவாங்கல் ஆணைக்குழுவோ, அவரைப் போல விசாரணை செய்தவர்களுக்கு எதிராக நடவடிக்கை எடுக்கச் சொன்னது. இப்போது அவர் மீண்டும் சீ.ஐ.டி.யில். எந்தப் பக்கம் ஆட்சியோ அந்தப் பக்கத்தவரே "பாதிக்கப்பட்டவர்". உங்கள் மாமாவுக்கு நியாயம் கிடைத்தது சந்தோஷம். ஆனால் கட்சிச் சாயமில்லாத இந்தப் பிள்ளைக்கு எந்த ஆட்சி மாறிக் குழு போடும்?

வெள்ளவத்தை_சட்டம்

ஐயா சொன்னது சரி. நான் இளநிலைச் சட்டத்தரணி, ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பம்பலப்பிட்டி ஆர்.ஏ. டி மெல் மாவத்தையில் மனித உரிமைகள் ஆணைக்குழு இருக்கிறது. 1996ன் 21ஆம் இலக்கச் சட்டம் 13ஆவது பிரிவுப்படி ஒரு மாதத்துக்குள் அங்கே முறைப்பாடு செய்தால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த மாதக் கணக்கில் வராது. இதை வைத்து "எச்.ஆர்.சி.யில் போட்டாச்சு, இனி அவசரமில்லை" என்று இருந்துவிடாதீர்கள் அக்கா. முறைப்பாட்டு இலக்கம் மட்டும் போதாது, உண்மையில் விசாரணை நடக்கிறது என்பதைக் காட்ட வேண்டும் என்று பல தீர்ப்புகள் உண்டு. முடிந்தால் இரண்டும் செய்யுங்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் உங்கள் இடமாற்றக் கோப்பின் பிரதியையும் கேளுங்கள். யார் கேட்டு, யார் சிபாரிசு செய்து, எந்தத் திகதியில் என்று அதில் இருக்கும். 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும், அது மனுவுக்குப் பிந்தலாம், மேலதிக சத்தியக்கடதாசியோடு பிறகு போடலாம்.

கொட்டாஞ்சேனை_13

நன்றி ஐயா, நன்றி தங்கச்சி. இரண்டு சந்தேகம். மொனராகலைக்குப் போகாமல் வழக்குப் போட்டால் என்ன? அப்புறம் இணைப்புச் செயலாளரைப் பிரதிவாதியாகப் போட முடியுமா?

புதுக்கடை_பழையவன்

போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். அறிவிக்காமல் வராதிருந்தால் பதவியை விட்டு விலகியதாகக் கடிதம் வரும், பிறகு அதுவே தனி வழக்கு. "ஆட்சேபத்தோடு ஏற்கிறேன்" என்று எழுதிக் கொடுத்துப் பாரமெடுங்கள், இல்லையென்றால் முறையாக லீவு அனுமதி எடுத்துக்கொள்ளுங்கள். மனுவில் இடைக்கால நிவாரணமாக இடமாற்றத்தை நிறுத்தவும் கேட்பார்கள், கிடைத்தால் திரும்பி வரலாம். கிடைக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன்.

பிரதிவாதி விஷயத்தில் உங்கள் சட்டத்தரணி முடிவெடுப்பார். 126 நிறைவேற்று, நிர்வாகச் செயலுக்குத்தான். கையெழுத்திட்டவர் கட்டாயம் வேண்டும், சிபாரிசு செய்தவரையும் விடாதீர்கள். இணைப்புச் செயலாளர் அமைச்சரின் அரச ஊழியராக நியமனம் பெற்றவரா, வெறும் கட்சிக்காரரா என்பதைப் பொறுத்து நிலை மாறும். கட்சிக்காரராக இருந்தாலும் அவர் கோல் சாட்சியம்தான். எதிலும் தனிப்பட்ட பெயரைப் போடுங்கள், பதவிப் பெயரை மட்டும் எழுதினால் காசு கடைசியில் திறைசேரியில்தான் போகும்.

உங்கள் சேவை அரசாங்க சேவை ஆணைக்குழுவின் கீழ் என்பதால் அங்கே மேன்முறையீடு, அதிலும் திருப்தி இல்லாவிட்டால் நிருவாக மேன்முறையீட்டு நியாயசபை என்ற வழியும் திறந்திருக்கிறது. அது மெதுவானது, ஆனால் இடமாற்றத்தை மாற்றும் அதிகாரம் உண்டு. பொய்ப் பெயர்கள் பட்டியலில் உண்மையாகவே ஏறியிருந்தால் அது இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்குரிய தனிக் கதை, 2023ன் 9ஆம் இலக்கச் சட்டத்தில் தகவல் தருபவருக்குப் பாதுகாப்பும் இருக்கிறது. அதை இதோடு கலக்காதீர்கள், இப்போதைக்கு ஒரு சட்டத்தரணியைப் பிடிக்கிற வேலையைப் பாருங்கள்.

கடிதம் கைக்கு வந்த தபால் உறையைப் பத்திரமாக வையுங்கள், முத்திரையில் திகதி இருக்கும். கோப்புக் குறிப்பின் பிரதியை இன்றே கேட்டு எழுதிக் கொடுங்கள், தராவிட்டால் தரவில்லை என்பதையும் சத்தியக்கடதாசியில் போடலாம். திங்கட்கிழமை காலையில் புதுக்கடைக்கு வாருங்கள். பத்து மணிக்குப் பிறகு சட்டத்தரணிகள் எல்லோரும் நீதிமன்றத்துக்குள் போய்விடுவார்கள்.