ரெனால்ட்ஸ் கேட்டில் குடியிருந்தபோது

கால்பந்து என்றால் எனக்கு உலகக் கோப்பை சமயத்தில் டிவி பார்ப்பதோடு சரி. 2009இல் டூட்டிங்கில் வேலை கிடைத்து லண்டன் வந்தோம், வீடு அமைந்தது பக்கத்திலேயே விம்பிள்டனின் ப்ளௌ லேனில், கட்டி முடித்து அதிக நாள் ஆகாத ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில். அதன் பெயர் ரெனால்ட்ஸ் கேட். விம்பிள்டன் என்று சொன்னதும் ஊரில் எல்லோரும் டென்னிஸைத்தான் விசாரித்தார்கள், எனக்கும் அதற்கு மேல் எதுவும் தெரியாது.

ஒரு சனிக்கிழமை பஸ் ஸ்டாப்பில், நீலமும் மஞ்சளுமாக ஸ்கார்ஃப் சுற்றிய ஒரு பெரியவர், நான் கட்டடத்திலிருந்து வருவதைப் பார்த்துவிட்டு, "இங்கேயா குடியிருக்கிறீர்கள்? ரெனால்ட்ஸ் யார் என்று தெரியுமா?" என்று கேட்டார். கட்டடம் கட்டியவராக இருக்கும் என்றேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பஸ் வந்தது, அவர் ஏறவில்லை, நானும் ஏறவில்லை.

எடி ரெனால்ட்ஸ். 1963இல் வெம்பிளியில் அமெச்சூர் கோப்பை இறுதிப் போட்டி, சட்டன் யுனைடெட்டை விம்பிள்டன் கால்பந்து கிளப் 4-2 என்று வென்றது. நான்கு கோலும் ரெனால்ட்ஸ் அடித்தவை, நான்குமே தலையால் முட்டி அடித்தவை. பெரியவருக்கு அப்போது 11 வயதாம், அப்பாவோடு போயிருக்கிறார். என் வீடு இருக்கிற இடத்தில்தான் 1912 முதல் அந்த கிளப்பின் மைதானம் இருந்தது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் வாரா வாரம் கத்தி அழுத இடத்தில் நாங்கள் கட்டில் போட்டுப் படுத்திருக்கிறோம்.

அடுத்தடுத்த வாரங்களில் மீதிக் கதையைத் துண்டு துண்டாகச் சொன்னார். 1889இல் ஒரு பள்ளியின் பழைய மாணவர்கள் விம்பிள்டன் காமன் புல்வெளியில் ஆடத் தொடங்கியது, ஃபாக்ஸ் அண்ட் கிரேப்ஸ் என்ற மதுக்கடையில் உடை மாற்றிக்கொண்டது, இப்படி. 1975ஐப் பற்றிப் பேசும்போது மட்டும் எழுந்து நின்றுவிடுவார். அப்போது விம்பிள்டன், நாட்டின் மேல்மட்ட நான்கு டிவிஷன்கள் அடங்கிய லீகிலேயே இல்லாத அணி. சின்ன அணியும் பெரிய அணியும் மோதும் எஃப்ஏ கோப்பையில், உச்ச நிலையான முதல் டிவிஷனில் இருந்த பர்ன்லியை அவர்கள் மைதானத்திலேயே தோற்கடித்து, அடுத்த சுற்றில் அந்நாளைய சாம்பியன் லீட்ஸோடு 0-0 என்று டிரா செய்தது. பீட்டர் லோரிமர் என்றால் அந்தக் காலத்தில் பந்தை உதைக்கும் வேகத்துக்கே பேர் போனவர், அவர் அடித்த பெனால்டியை டிக்கி கய் (Guy) என்ற கோல்கீப்பர் தடுத்துவிட்டார்.

1977இல் லீகுக்குள் வந்து, ஒன்பதே வருடத்தில் முதல் டிவிஷன், 1988இல் இறுதிப் போட்டியில் லிவர்பூலை 1-0 என்று வென்று எஃப்ஏ கோப்பை. உலகத்துக்குத் தெரிந்தது இந்தப் பகுதிதான், அதனால் நீட்டவில்லை.

வலி அதற்கு அப்புறம் வந்தது. ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் பலர் இறந்த விபத்துக்குப் பிறகு மைதானங்களில் எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்று ஆனது, ப்ளௌ லேனை அப்படி மாற்ற முடியாது என்று சொல்லி 1991இல் கிரிஸ்டல் பேலஸின் மைதானத்தில் ஒண்டுக்குடித்தனம் போனார்கள். தற்காலிகம் என்றார்கள், திரும்பவே இல்லை. 2000இல் பிரீமியர் லீகிலிருந்து இறங்கினார்கள். மறு வருடமே உரிமையாளர்கள் கிளப்பை சுமார் 90 கிலோமீட்டர் தள்ளி மில்டன் கீன்ஸுக்குக் கொண்டுபோகிறோம் என்று அறிவித்தார்கள். 2002 மே 28 அன்று கால்பந்துச் சங்கம் அமைத்த மூன்று பேர் கொண்ட குழு இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதை அனுமதித்தது. ரசிகர்கள் புதிதாக ஒரு கிளப் தொடங்குவது கால்பந்தின் பரந்த நலனுக்கு உகந்ததல்ல என்று அந்தத் தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறது. அந்த ஒரு வரியைப் பெரியவர் மனப்பாடமாகச் சொல்வார். எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் கோபம்தான் வரும், இன்றுவரை.

இரண்டே நாளில், மே 30, ரசிகர்கள் ஏஎஃப்சி விம்பிள்டன் என்ற புது கிளப்புக்கான வேலையைத் தொடங்கிவிட்டார்கள். ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்க காமனில் திறந்த தேர்வு, 230 பேர் வந்தார்கள். ஜூலை 10 அன்று சட்டனில் முதல் நட்பு ஆட்டம், 4-0 என்று தோல்வி, பார்க்க வந்தவர்கள் 4,657 பேர். பெரியவர் அந்தக் கூட்டத்தில் நின்றிருக்கிறார். தோற்று முடித்த அணிக்காக அப்படிக் கைதட்டியதை வாழ்க்கையில் பார்த்ததில்லை என்றார். ஒன்பதாம் நிலை லீகில் தொடங்கி, 2003 முதல் 2004 வரை 78 லீக் ஆட்டங்களில் தோல்வியே இல்லை. கிளப் ரசிகர்களுக்கே சொந்தம், உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு ஓட்டு.

2010இல் முதல்முறையாக அவரோடு போனேன். அப்போது கிங்ஸ்டன் பக்கம் கிங்ஸ்மெடோ என்ற சின்ன மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள், நார்பிட்டனில் ரயில் இறங்கி நடக்க வேண்டும். விடாத தூறல். யார் ஆடினார்கள், எத்தனை கோல் என்பதெல்லாம் மறந்துவிட்டது. பக்கத்தில் நின்ற பெண்மணி நான் புதுசு என்று கண்டுபிடித்து, ஒவ்வொரு ஆட்டக்காரரையும் சொந்த அக்கா பிள்ளை மாதிரி அறிமுகப்படுத்தினார், ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் உறுப்பினராகச் சேர்ந்தேன்.

2011 மே 21, மான்செஸ்டர், லூட்டனோடு பதவி உயர்வுக்கான இறுதி ஆட்டம். கோலே விழாமல் பெனால்டிக்குப் போனது. செப் பிரௌன் இரண்டைத் தடுத்தார், கடைசியில் கேப்டன் டேனி கெட்வெல் ஓடிவந்து ஓங்கி அடித்தார். ஒன்பது வருடத்தில் ஐந்தாவது பதவி உயர்வு, மறுபடி லீக். பெரியவர் குதிக்கவில்லை, உட்கார்ந்து அழுதார்.

அடுத்த வருடம் கோப்பைச் சுற்றில் மில்டன் கீன்ஸ் அணியோடு முதல்முறை மோத வேண்டி வந்தபோது அவர் போக மறுத்துவிட்டார். அந்த அணியின் பெயரை இன்றுவரை அவர் வாயால் கேட்டதில்லை. 2024 மார்ச்சில் புது மைதானத்தில் 94ஆவது நிமிடத்தில் ரோனன் கர்ட்டிஸ் அவர்களுக்கு எதிராக கோல் அடித்தபோது மட்டும், என் கையை நசுக்கிவிட்டார்.

புது மைதானம் என்றேன் அல்லவா, அது பழைய இடத்திலிருந்து 250 கஜம் தள்ளி, அதே ப்ளௌ லேனில், நாய்ப் பந்தய மைதானம் இருந்த இடத்தில் கட்டியது. பணம் போதாமல் போனபோது ரசிகர்களே கடன் பத்திரம் வாங்கி 50 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டினார்கள். திறந்தது 2020 நவம்பர் 3, கொரோனாக் காலம், உள்ளே ரசிகர் ஒருவருக்கும் அனுமதி இல்லை. அதே வருடம் கிளப் ரசிகர்கள் ஊர் முழுக்க மளிகைப் பெட்டி கொண்டுபோய்க் கொடுத்தார்கள். நானும் சில வாரம் போனேன், ஒரு வீட்டில் கதவைத் திறந்த பாட்டி பெட்டியைப் பார்ப்பதற்கு முன்னால் என் ஸ்கார்ஃபைப் பார்த்து, "நம்ம பசங்க எப்போ திரும்பி வர்றாங்க?" என்றுதான் கேட்டார்.

2021 ஆகஸ்டில் கதவு திறந்த பிறகு அவரும் நானும் சேர்ந்தே போனோம். ரெனால்ட்ஸ் கேட் வாசலில்தான் சந்தித்தோம். வாண்டில் ஆற்றுப் பாலத்தின் மேல் நின்று, 1991 மே மாதம் இதே வழியாக வீட்டுக்குப் போனேன் என்றார். எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. பின்னால் வந்த கூட்டம் எங்களைச் சுற்றிக்கொண்டு போயிற்று. அவர் பாக்கெட்டைத் தடவி டிக்கெட் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டார், அப்புறம் நடந்தோம்.