லாப்ரடோர் குட்டியா, ஒழுங்கையில் நிற்கும் பெட்டை நாயா, இரண்டும் வேண்டாமா?

கொக்குவில்காரி:

வணக்கம். கொக்குவிலில் என் பெற்றோருடனும் ஒன்பது வயது மகனுடனும் வசிக்கிறேன். கணவர் வவுனியாவில் பணிபுரிவதால் வெள்ளி இரவு வந்து திங்கள் அதிகாலையில் புறப்பட்டுவிடுவார். அவருடைய நண்பர் ஒருவர், தன் வீட்டில் பிறந்த லாப்ரடோர் குட்டிகளில் ஒன்றைப் பணம் வாங்காமல் தருவதாகச் சொன்ன நாளிலிருந்து, மகன் அதற்குப் பெயர் தேடுவதிலேயே இருக்கிறான்.

இதற்கிடையில், ஒரு வருடமாக எங்கள் ஒழுங்கையில் நிற்கும் பெட்டை நாய் ஒன்றுக்கு, மத்தியானம் மிஞ்சும் சோற்றையும் கறியையும் அம்மாவே வைத்து வருகிறார். எனினும் எந்த நாயும் விறாந்தையைத் தாண்டக்கூடாது என்பதில் அவர் உறுதியாக இருக்கிறார். சுவாமி அறையும் விரத நாட்களும் உள்ள வீட்டில் அதை நான் குறை சொல்லவும் முடியாது. வளவு நான்கு பரப்பு. மூன்று பக்கம் மதில், பின்பக்கம் கதியால் வேலி, அதில் நாய் நுழையக்கூடிய இரண்டு பொட்டுகள் (ஓட்டைகள்) உண்டு. நான் காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போனால் நாலரைக்குத்தான் திரும்புவேன். இரண்டு மூன்று ஆண்டுகளில் நாங்கள் மூவரும் இங்கிலாந்து செல்லும் வாய்ப்பும் இருக்கிறது. இந்த நிலையில் நாய் வளர்க்க எண்ணுவது சரியா? அனுபவம் உள்ளவர்கள் தயங்காமல் சொல்லுங்கள்.

சுன்னாகத்தான்:

தங்கச்சி, என்னிடம் இப்போது எட்டு வயது லாப்ரடோர் ஒன்று இருக்கிறது. அன்பில் குறையே இல்லாத பிராணி. ஆனால் நீங்கள் எழுதியதை வாசித்தபோது முதலில் என் மனதில் வந்தது உங்கள் அப்பாவின் முழங்கால்தான். எட்டு மாதத்தில் அந்தக் குட்டி இருபத்தைந்து கிலோவைத் தாண்டும், அறிவோ இன்னும் குழந்தையாகவே இருக்கும். மகிழ்ச்சியில் பாய்ந்தால் வயதானவர்களைத் தள்ளி விழுத்தும். ஏழு மணியிலிருந்து நாலரை வரை அதைப் பார்க்கப் போவது நீங்களோ மகனோ அல்ல, உங்கள் பெற்றோர். அவர்களிடம் "நாய் வளர்க்கச் சம்மதமா" என்று கேட்பதற்குப் பதிலாக, "இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை குட்டியை வெளியே விட்டு, மூத்திரத்தைக் கழுவி, செருப்பைக் கடிக்காமல் பார்ப்பீர்களா" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வேறாக வரும்.

வெயிலும் ஒரு பெரிய விடயம். லாப்ரடோருக்கு இரட்டை மயிர்ப்படலம் உண்டு. நாய்கள் பெரும்பாலும் மூச்சு வாங்கியே உடலைக் குளிர்விப்பவை. சித்திரை, வைகாசி மாதங்களில் நான் ஐந்தரை மணிக்கு முன் அதை நடத்திக்கொண்டு போய் வந்துவிடுவேன், பின்னர் பொழுது சாயும்வரை அது கிணற்றடி ஈரத்தில்தான் கிடக்கும். இலவசக் குட்டி என்று சொல்கிறார்கள், முதல் வருடம் தடுப்பூசி, பூச்சி மருந்து, உண்ணி மருந்து, சாப்பாடு என்று நான் எழுதிவைத்த கணக்கைக் காட்டினால் அந்தச் சொல்லை யாரும் பயன்படுத்த மாட்டார்கள். எந்த நாய் என்றாலும் முதலில் வேலியில் உள்ள அந்தப் பொட்டுகளை அடைத்துவிடுங்கள்.

ஓய்வுபெற்ற மிருக வைத்தியர்:

நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். ஒழுங்கை நாய்க்கு ஒரு வருடமாகச் சோறு வைக்கிறீர்கள் என்றால் பாதி நாயை ஏற்கெனவே ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள். மீதிப் பாதியான ஊசியும் கருத்தடையும்தான் நிலுவையில் நிற்கின்றன. பெட்டை நாய் ஏறத்தாழ அறுபத்து மூன்று நாட்களில் குட்டி போடும், ஆண்டுக்கு இரண்டு தடவைகூடப் போடலாம். அந்தக் குட்டிகளில் பெட்டையாகப் பிறந்தவை சந்தையடியிலும் கோயில் வீதியிலும் விடப்படுவதை நாம் எல்லோரும் பார்க்கிறோம். 2006 ஆம் ஆண்டிலிருந்து தெருநாய்களைக் கொல்லாத கொள்கை நாட்டில் இருப்பதால், எண்ணிக்கை குறைவதற்குக் கருத்தடையைத் தவிர வேறு நல்ல வழி இல்லை.

விசர் நோய்த் தடுப்பூசியை இருவகை நாய்க்கும் ஆண்டுதோறும் போட வேண்டும். நாய்களை ஆண்டுதோறும் உள்ளூராட்சி சபையில் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டம் 1901 இலேயே வந்தது, பலருக்கு அது நினைவில்லை. ஊசி அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். குட்டியை எடுப்பதானால் ஆறு முதல் எட்டு வார வயதில் மற்றத் தடுப்பூசிகள் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை தொடரும். அது முடியும்வரை ஒழுங்கையில் இறக்கக்கூடாது, ஏனென்றால் குட்டிகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் பார்வோ வைரஸ் மண்ணில் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். மகனிடம் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்: எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், அது சின்னக் குட்டியானாலும், மறைக்கக்கூடாது. ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

அம்மாவிடமும் ஒரு சொல். வெங்காயம் நாயின் செங்குருதிக் கலங்களை அழிக்கும், எங்கள் கறிகளில் வெங்காயம் இல்லாத கறி எது? கறி கலக்காத சோற்றுடன் அவித்த மீனை முள் எடுத்து வைக்கலாம். சமைத்த கோழி எலும்பு குத்தும் சில்லுகளாக உடையும், அது வேண்டாம்.

தட்டாதெருச் சந்தி:

இங்கிலாந்து விடயத்தை மற்றவர்கள் தொடவில்லை. எங்கள் உறவினர் குடும்பம் ஒன்று வெளிநாடு போனபோது ஆறு வயது அல்சேஷன் ஒன்றை எங்களிடம் விட்டுச் சென்றது. மூன்று வாரம் அது கேற்றடியிலேயே படுத்திருந்தது, பின்னர் சாப்பிடத் தொடங்கியது, ஆனால் கடைசி வரை மோட்டார்ச் சைக்கிள் சத்தம் கேட்டால் எழும்பிப் பார்க்கும். அவர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. கொண்டுபோக விரும்பித்தான் விசாரித்தார்கள், காலம் பிந்திவிட்டது.

இலங்கையிலிருந்து பிரித்தானியாவுக்கு நாயைக் கொண்டுபோவதானால் முதலில் மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு), அதன் பின்னர் விசர் நோய்த் தடுப்பூசி, அதிலிருந்து குறைந்தது முப்பது நாள் கழித்து இரத்தப் பரிசோதனை, இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதக் காத்திருப்பு என்று வரிசை உண்டு. விமானத்தில் அது சரக்காகவே போக வேண்டும். நாயின் ஆயுள் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள். நீங்கள் போன பிறகு பெற்றோரிடம் இருக்கப் போவது இளமை முறுக்குள்ள மூன்று வயது லாப்ரடோரா, அவர்களை ஏற்கெனவே அறிந்த அமைதியான நாயா என்பதை நினைத்துப் பாருங்கள். என்னைக் கேட்டால் இப்போது குட்டி வேண்டாம்.

கொக்குவில்காரி:

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு அப்பாவிடம் சுன்னாகத்து அண்ணா சொன்னபடியே கேட்டேன். "குட்டி என்றால் மாட்டேன், ஒழுங்கையில் நிற்கிறவள் என்றால் பார்க்கலாம்" என்றார். அம்மா விறாந்தை வரை என்ற எல்லையை மாற்றவில்லை, ஆனால் மழைக்காலத்தில் படுக்க விறகுக் கொட்டிலை ஒதுக்கித் தருவதாகச் சொல்கிறார். நண்பருக்கு வேண்டாம் என்று கணவர் சொல்லிவிட்டார். பொட்டுகளை அடைக்க ஆள் வருகிறது. அவளுக்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்த பிறகு பார்த்துக்கொள்ள ஒரு வாரம் லீவு கேட்டிருக்கிறேன். வைத்தியர் ஐயா, கொண்டுபோகும் நாளன்று நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

ஓய்வுபெற்ற மிருக வைத்தியர்:

முதல்நாள் இரவுக்குப் பின் சாப்பாடு வைக்க வேண்டாம், அயலவர்களிடமும் சொல்லி வையுங்கள். ஒழுங்கை நாய்க்கு உங்கள் வீட்டில் மட்டுமா சாப்பாடு? அதற்கு முன் ஒரு வாரமாவது கழுத்துப் பட்டியையும் கயிற்றையும் பழக்குங்கள். குட்டி வயிற்றில் இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் மறக்காமல் முதலிலேயே சொல்லுங்கள். தையல் காயத்தை அது நக்காமல் பத்து முதல் பதினான்கு நாள் வரை பார்க்க வேண்டும். ஒரு வார லீவு போதாது, அடுத்த வாரத்துக்கு அப்பாவைப் பழக்கி வையுங்கள்.