டிராகன் படகு: முதல் பயிற்சிக்கு முன் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

கரையோரம்:
வணக்கம். அலுவலக அணிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். வரும் சனிக்கிழமை காலை சிங்கப்பூர் காலாங்கில் முதல் பயிற்சி. முன்னால் ஒருவர் மேளம் அடிக்க, 20 பேர் துடுப்புப் போடும் பெரிய படகு. இதுவரை கயாக் என்ற சிறு படகைக்கூடத் தொட்டதில்லை. உயரம் 163 செ.மீ. 50 மீட்டர் நிற்காமல் நீந்துவேன், அதற்கு மேல் சிரமம். என்ன உடுத்துவது? துடுப்பு எந்த நீளம்? ஒரு மணி நேரம் கை ஓயாமல் எப்படித் தாக்குப்பிடிப்பது?

ஏழாம் வரிசை:
உடையை முதலில் முடித்துவிடுகிறேன். சீக்கிரம் காயும் டி-சர்ட், தொடை வரை இறுக்கமான அரைக்கால்சட்டை. பருத்தியும் ஜீன்ஸும் வேண்டாம். நனைந்தால் கனக்கும், இடுப்பில் உராய்ந்து தோலை எடுத்துவிடும். காலில் வார் வைத்த செருப்பு அல்லது பழைய ஓட்டக் காலணி. மோதிரத்தைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள். துடுப்பின் கட்டைக்கும் மோதிரத்துக்கும் நடுவில் சிக்கும் தோல் பத்தே நிமிடத்தில் கொப்புளமாகிவிடும்.

துடுப்பு வாங்காதீர்கள். பயிற்சி இடத்தில் தருவார்கள். பன்னாட்டு விதிப்படி நீளம் 105 முதல் 130 செ.மீ. வரை இருக்கலாம். உங்கள் உயரத்துக்கு 46 அல்லது 47 அங்குலம் எடுத்துப் பாருங்கள். படகில் உட்கார்ந்து, துடுப்பின் அலகு, அதாவது அடியில் உள்ள தட்டையான பகுதி, முழுக்க நீருக்குள் போனதும் மேல் கை நெற்றி மட்டத்தில் நின்றால் நீளம் சரி. கை தலைக்கு மேல் போனால் துடுப்பு நீளம். தோள் சீக்கிரம் ஓய்ந்துவிடும்.

இனி கை ஓயும் விஷயம். முதல் நாள் முன்கை கல்லாக இறுகிப்போனால் காரணம் ஒன்றுதான்: கையால் இழுத்திருக்கிறீர்கள். இது கையால் இழுக்கும் வேலையே இல்லை.

இடப்பக்கம் உட்கார்ந்தால் வலக்கை மேலே, துடுப்பின் டி வடிவக் கைப்பிடியில். இடக்கை கீழே, அலகு தொடங்கும் இடத்துக்கு ஒரு கைமுட்டி அளவு மேலே. இடுப்பைப் படகின் விளிம்போடு ஒட்டி வையுங்கள். விளிம்புப் பக்கத்துக் காலை முன்னால் நீட்டி, முன் பலகையின் அடியில் ஊன்றுங்கள். அந்தக் கால் ஊன்றவில்லை என்றால் ஒவ்வோர் இழுப்புக்கும் பலகையில் நீங்கள்தான் முன்னால் வழுக்குவீர்கள், படகு நகராது.

பிறகு இடுப்பிலிருந்து உடலைத் திருப்புங்கள். கீழ்க்கை நேராக நீண்டு, முன்னால் இருப்பவரின் இடுப்பருகே போகும். மார்பு படகின் நடுப்பக்கம் பார்க்கும். இந்த நிலையிலிருந்து அலகை நீருக்குள் ஊன்றுங்கள். அடிக்கக் கூடாது, ஊன்ற வேண்டும். 'சளப்' என்று சத்தம் வந்து தண்ணீர் தெறித்தால் அலகோடு காற்றும் உள்ளே போயிருக்கிறது. அந்த இழுப்பில் பாதி வீண். நன்றாக ஊன்றினால் 'டுப்' என்று அடங்கிய சத்தம்தான் வரும். அலகு முழுக்க மூழ்கிய பிறகே இழுப்பு. முழங்கையை மடக்காமல், திருப்பிய உடலை நேராக்குங்கள், காலால் உந்துங்கள், மேல் கை கீழ்நோக்கி அழுத்தட்டும்.

தொடையின் நடுவைத் தாண்டி இடுப்புக்கு வந்ததும் அலகை வெளியே எடுத்துவிடுங்கள். புதியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறுகிறார்கள். பின்னால் வரை இழுத்தால் பலம் கூடும் என்று தோன்றும். ஆனால் இடுப்பைத் தாண்டியதும் அலகு சாய்ந்து, தண்ணீரை மேலே தூக்கத் தொடங்கும். படகு கீழே அழுந்தும். அடுத்த ஊன்றலுக்கும் தாமதமாகிவிடும்.

சுக்கான்பிடி:
மேலே சொன்னது எல்லாம் சரி. பாதுகாப்பையும் கட்டளைகளையும் நான் சொல்கிறேன்.

ஏறும்போது படகின் நடுவில் கால் வைத்து, குனிந்தபடியே போய் உட்காருங்கள். சுமார் 12 மீட்டர் நீளமிருந்தாலும் அகலம் குறைவு. ஒருவர் நிமிர்ந்து நின்றாலே ஆடும். 'பேடில்ஸ் அப்' என்றால் ஊன்றத் தயாராக எல்லோர் துடுப்பும் மேலே. 'ஹோல்ட் வாட்டர்' என்றால் அலகை நீருக்குள் செங்குத்தாகப் பிடித்துப் படகை நிறுத்துவது. மற்ற சொற்கள் குழுவுக்குக் குழு மாறும், கரையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். படகு சாய்ந்தால் விளிம்பைப் பிடிக்கக் கூடாது. கையை நீட்டி அலகைத் தண்ணீர்மேல் படுக்க வையுங்கள். இரு பக்கமும் இருபது அலகுகள் படுத்தால் படகு தானே நிமிரும்.

கவிழ்ந்தால்: முதல் வேலை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எங்கே என்று பார்ப்பது. இருவர் இருவராகத்தான் கணக்கு. பிறகு படகைப் பிடித்துக்கொண்டு, சுக்கான் பிடிப்பவர் எண்ணிக்கை எடுக்கும்வரை அங்கேயே இருங்கள். கரை பக்கத்தில்தானே என்று நீந்திப் போகாதீர்கள். ஒருவர் குறைந்தால் அவர் நீந்திப் போனாரா, படகின் அடியில் இருக்கிறாரா என்று யாருக்கும் தெரியாது. ஏறும் முன்பே லைஃப் ஜாக்கெட்டின் வார்களை இறுக்கிவிட்டு, அதன் தோள்பகுதியைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்கும்படி ஒருவரிடம் சொல்லுங்கள். ஜாக்கெட் காது வரை ஏறினால் வார் தளர்வு.

2008ல் மரினா அணைக்கட்டு வந்த பிறகு காலாங் நன்னீர்த் தேக்கம். கடல் ஏற்றவற்றம் இல்லாததால் புதியவர்களுக்கு நல்ல இடம். ஆனாலும் கையில் வெட்டுக்காயம் இருந்தால் நீர் புகாத பிளாஸ்டர் போடுங்கள். முடித்ததும் சோப்புப் போட்டுக் குளியுங்கள். மின்னல் எச்சரிக்கை வந்தால் பயிற்சி அத்துடன் நின்றுவிடும், அதில் பேரம் கிடையாது.

கரையோரம்:
மிக்க நன்றி இருவருக்கும். இன்னும் ஒன்று. மேளச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போட்டால் தாளம் தவறாது, இல்லையா?

ஏழாம் வரிசை:
தவறும். மேளம் அடிப்பவர் முதல் வரிசையில் இருக்கும் இருவரின் துடுப்பைப் பார்த்துத்தான் அடிக்கிறார். மேளத்துக்குக் காத்திருந்தால் அவர்களுக்கு ஒரு படி பின்னால்தான் ஊன்றுவீர்கள். எதிர்ப்பக்க முதல் துடுப்பைக் குறுக்காகப் பாருங்கள். அது மறைந்தால் உங்கள் முன்னால் இருப்பவரின் மேல் கையை. உங்கள் அலகை மட்டும் பார்க்காதீர்கள்.

துடுப்புகள் மோதினால் யார் தவறு என்று கண்டுபிடிக்கலாம். உங்கள் அலகு முன்னால் இருப்பவரின் துடுப்பில் இடித்தால், பெரும்பாலும் நீங்கள் முந்தி ஊன்றுகிறீர்கள். பின்னால் இருப்பவர் உங்கள் துடுப்பில் இடித்துக்கொண்டே இருந்தால், நீங்கள் இடுப்பைத் தாண்டி இழுத்து வெளியே எடுக்கத் தாமதிக்கிறீர்கள். முதல் நாள் பலத்தைப் பாதியாகக் குறைத்துத் தாளத்தை மட்டும் பிடியுங்கள். இருபது பேர் ஒரே நேரத்தில் ஊன்றும்போது படகு தண்ணீரிலிருந்து சற்று எழும்புவது பலகையில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கே தெரியும். தாளம் சிதறினால் அதே படகு நத்தையாக ஊரும்.

சுக்கான்பிடி:
ஒன்று விட்டுப்போனது. பாதி நேரம் கழித்துப் பக்கம் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். பழகாத பக்கம் முதலில் தடுமாறும், ஆனால் முதுகின் ஒரே பக்கம் மட்டும் இறுகாது. தோள் முன்பு நழுவியிருந்தால் ஏறுவதற்கு முன்பே பயிற்சியாளரிடம் சொல்லிவிடுங்கள். சாப்பாடு ஒன்றரை மணி நேரத்துக்கு முன், தண்ணீர் ஒரு லிட்டர். பாட்டிலைப் பலகையின் அடியில், காலில் இடிக்காத இடமாகப் பார்த்துச் செருகுங்கள்.