சென்னையில் மூன்று நாள்: ஆலமரம், பூங்கா, பறவைகள் – எந்தக் கிழமையில் எங்கே போகலாம்?

வைகைக்கரை:
வணக்கம். தை மாதக் கடைசி வாரத்தில் ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாள் குடும்பத்தோடு சென்னை வருகிறோம். மதுரையிலிருந்து ரயில், தங்குவது தி.நகரில். அம்மாவுக்கு 71 வயது, மூட்டுவலி. ஒரேயடியாக ரொம்ப தூரம் நடக்க முடியாது. பையனுக்கு 9 வயது. மனைவிக்குச் செடி என்றால் உயிர். கடைத்தெரு, மால் எதுவும் வேண்டாம். மரம், செடி, பறவை, விலங்கு பார்த்தால் போதும்.

இப்போதைக்குப் போட்டிருக்கும் திட்டம்: ஞாயிறு காலை அடையாறு ஆலமரம், மாலை செம்மொழிப் பூங்கா. திங்கள் பள்ளிக்கரணை, அங்கிருந்து ஈசிஆரில் முதலைப் பண்ணை. செவ்வாய் கிண்டி சிறுவர் பூங்கா, பாம்புப் பண்ணை, நேரம் இருந்தால் வண்டலூர். அன்று இரவே பாண்டியன் எக்ஸ்பிரஸ். மூன்று நாளும் வாடகைக் கார் உண்டு. இது சரியாக வருமா? சரக்கொன்றை பூத்திருக்குமா? ஊருக்குக் கொண்டுபோகச் செடி வாங்கலாமா? பைனாகுலர் அவசியமா?

நிழல்மரம்:
இடங்கள் எல்லாம் நல்ல தேர்வு. கிழமைதான் தலைகீழாக இருக்கிறது. ஆலமரம் இருக்கும் தியோசாபிகல் சொசைட்டி வளாகத்தில் ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர்களை விடமாட்டார்கள். முதலைப் பண்ணைக்குத் திங்கள் விடுமுறை. கிண்டி சிறுவர் பூங்கா, பாம்புப் பண்ணை, வண்டலூர் மூன்றுக்கும் செவ்வாய் விடுமுறை. இதே வரிசையில் வந்தால் மூன்று நாளும் பூட்டிய கேட்டைத்தான் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும்.

இப்படி மாற்றுங்கள். ஞாயிறு விடிகாலையில் பள்ளிக்கரணை, அங்கிருந்து துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர் வழியாக ஈசிஆர் பிடித்து வடநெம்மேலி முதலைப் பண்ணை. ஞாயிறு காலையில் ஓஎம்ஆரில் ஆபீஸ் வண்டிகள் இருக்காது, சர்ரென்று போய்விடலாம். ஆனால் அன்று சாயங்காலம் மகாபலிபுரம் போனவர்கள் எல்லாம் ஒன்றாகத் திரும்புவார்கள். மூன்று மணிக்குள் நகரத்துக்குள் வந்துவிடுங்கள். திங்கள் காலை ஆலமரம், பிறகு கிண்டி. இரண்டும் சர்தார் படேல் ரோடு பக்கம்தான், அதிக அலைச்சல் இல்லை. செவ்வாய் செம்மொழிப் பூங்காவுக்கு மட்டும். ரயில் ஏறும் நாளில் தி.நகருக்குப் பக்கத்திலேயே இருப்பது நல்லது. டிக்கெட்டில் ஏறும் இடம் எழும்பூரா தாம்பரமா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷன் வேலை நடக்கும்போது சில ரயில்களை மாற்றிவிடுகிறார்கள்.

வண்டலூரை இந்தப் பயணத்தில் விட்டுவிடுங்கள். 602 ஹெக்டேர் காடு அது. பேட்டரி வண்டி உண்டு, ஆனாலும் உருப்படியாகப் பார்க்க ஒரு முழு நாள் வேண்டும். அரை நாளில் நுழைந்தால் அம்மாவுக்குக் களைப்பு, பையனுக்கு ஏக்கம், இதுதான் மிஞ்சும்.

முதலைப் பண்ணைக்குப் பத்து, பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தால் சரியான நேரம். இரவில் குளிர்ந்த உடம்பைச் சூடேற்ற அவை கரையேறி வெயிலில் கிடக்கும் நேரம் அது. வாயைப் பிளந்துகொண்டு அசையாமல் கிடப்பதைப் பார்த்து, பையன் பொம்மையா என்று கேட்பான். சூடு ஏறி வரும்போது அதைச் சமன்செய்யத்தான் வாயைத் திறந்து வைக்கிறது. உச்சி வெயில் வந்ததும் தண்ணீருக்குள் போய்விடும், அப்புறம் மூக்கும் கண்ணும்தான் தெரியும். இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பாம்பு விஷம் எடுத்துக் காட்டுவதும் இதே வளாகத்தில்தான். அதற்கு டிக்கெட் தனி.

கூழைக்கடா:
பறவை விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பள்ளிக்கரணை 2022-இல் ராம்சர் பட்டியலில் (உலக அளவில் முக்கியமான சதுப்புநிலங்களின் பட்டியல்) சேர்ந்த சதுப்புநிலம். துரைப்பாக்கம்–பல்லாவரம் ரேடியல் சாலை அதன் ஊடாகவே போவதால் இருபுறமும் பறவைகள் தெரியும். ஆறரைக்கெல்லாம் அங்கே இருங்கள். ஒன்பதைத் தாண்டினால் தண்ணீருக்கு மேல் கானல் ஆடத் தொடங்கிவிடும், எவ்வளவு நல்ல பைனாகுலரிலும் உருவம் நெளியும். இந்த மாதங்களில் சூரியன் தென்கிழக்கில் ஏறுவதால் ரோட்டிலிருந்து வடக்குப் பக்கம் பார்த்தால் வெளிச்சம் முதுகுப் புறம் இருக்கும், இறகின் நிறம் தெளிவாகத் தெரியும். தெற்கே பார்த்தால் கூசும், எல்லாமே கறுப்பு நிழலாகத்தான் தெரியும்.

லாரி வேகமாக வரும் சாலை அது. பாலத்தின் மேல் காரை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். வனத்துறையின் சூழல் பூங்கா அங்கேயே இருக்கிறது. அம்மாவையும் பையனையும் வைத்துக்கொண்டு அதற்குள் போய்ப் பார்ப்பதுதான் பத்திரம். திறக்கும் நேரத்தை முந்தின நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பூநாரை கிடைக்குமா என்பது தண்ணீர் மட்டத்தைப் பொறுத்தது. அது தலையைக் கவிழ்த்து, அலகின் மேல்பாகம் கீழே வரும்படி வைத்து, காலால் சேற்றைக் கலக்கிக் கலக்கி வடிகட்டித் தின்னும். அதற்கு முழங்கால் அளவுத் தண்ணீர்தான் தோது. வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்த வருடத்தில் தை முடிந்தும் தண்ணீர் ஆழமாகவே நிற்கும், பூநாரை தள்ளித்தான் வரும். மழை குறைந்த வருடமென்றால் முன்னாலேயே வந்து இறங்கிவிடும். அது இல்லாவிட்டாலும் குறையில்லை. ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நாமக்கோழி, நீலத் தாழைக்கோழி, நெடுங்கால் உள்ளான், நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா என்று பையனுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய வேலை இருக்கும். நத்தைகுத்தியின் அலகை அவனுக்குக் காட்டுங்கள்: இரண்டு பாகமும் நுனியில்தான் ஒட்டும், நடுவில் இடைவெளி விட்டே இருக்கும். நத்தை தின்னப் பிறந்த அலகு.

பைனாகுலர் வாங்குவதானால் 8x42, அதாவது எட்டு மடங்கு உருப்பெருக்கம், முன் லென்ஸ் 42 மி.மீ. பத்து மடங்கு, பன்னிரண்டு மடங்கு என்று கடைக்காரர் காட்டுவதை எடுக்க வேண்டாம். உருப்பெருக்கம் கூடக்கூடக் கை நடுக்கமும் கூடித் தெரியும், சின்னப் பையனால் பறவையைச் சட்டத்துக்குள் பிடிக்கவே முடியாது. கண்ணாடி போடுகிறவர்கள் கண்பக்க ரப்பர் வளையத்தை உள்ளே இறக்கிவிட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் ஓரமெல்லாம் கறுத்துத் தெரியும். ஓடோமாஸ் மறக்காதீர்கள்.

நிழல்மரம் சொன்னதில் ஒரே ஒரு மாற்றுக் கருத்து. முதலைப் பண்ணைக்குப் பதிலாக ஞாயிறு வேடந்தாங்கல் போகலாம் என்பேன். ஏரி சுமார் 30 ஹெக்டேர்தான். ஆனால் நீர்க்கடம்பு மரங்களின் மேல் பெரிய பறவைகள் கூடு கட்டிக் குஞ்சுகளுக்கு இரை ஊட்டுவதைக் கரையில் நின்றபடியே பார்க்கும் இடம் வேறு எது? பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று தெரிந்து ஊர்க்காரர்களே காத்து வந்த ஏரி; 1798-இல் அன்றைய செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்கள் உரிமையை எழுத்தில் ஒப்புக்கொண்டார். கரை சமதளம், அம்மா மெதுவாக நடக்கலாம். மாலை நாலிலிருந்து ஆறு வரை இரை தேடப் போன பறவைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பும். அந்த வருடம் ஏரி நிரம்பியதா என்று மட்டும் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். தண்ணீர் இல்லாத வருடத்தில் கூடும் இருக்காது.

நிழல்மரம்:
வேடந்தாங்கல் அருமைதான், மறுக்கவில்லை. ஆனால் போக வர நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். விடிகாலையில் பள்ளிக்கரணை, மாலையில் வேடந்தாங்கல் என்றால் 71 வயது அம்மா நாள் முழுக்கக் காரிலேயே இருப்பார்கள். சொந்தக் காரில் மதுரையிலிருந்து வருகிறவர்களுக்கு ஜிஎஸ்டி சாலையில் படாளம் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு வருவது சுலபம். ரயிலில் வருகிறவர்களுக்கு அது தனிப் பயணம்.

தோட்டக்காரி:
சகோதரிக்காகச் செடி, மரம் பக்கம் எழுதுகிறேன்.

சரக்கொன்றைக்குச் சித்திரை வரை பொறுக்க வேண்டும். ஏப்ரல், மே மாதம்தான் அதன் காலம். தை முடிவில் மரமல்லியும் ஓய்ந்திருக்கும். இலவ மரம் இலையைக் கொட்டிவிட்டு மொட்டைக் கிளையில் சிவப்பாகப் பூக்கத் தொடங்கும் நேரம் அது, அதைப் பாருங்கள். காலையில் அதன் கீழ் நின்றால் மைனாவும் காக்கையும் தேனுக்குப் போடும் சண்டை கேட்கும்.

அடையாறு ஆலமரத்துக்கு வயது ஏறக்குறைய 450 என்று கணக்கு. தாய்மரம் 1989-இல் புயலில் சாய்ந்துவிட்டது. அதனால் ‘அடிமரம் எங்கே’ என்று தேட வேண்டாம். விழுதுகள் மண்ணில் இறங்கித் தடித்து, அவையே தூண்களாகி மேல் கிளைகளைத் தாங்குகின்றன. புதிதாகத் தொங்கும் விழுதின் நுனியைப் பார்த்தால் வெளிர் மஞ்சளாக, ஈரமாக இருக்கும். மண்ணைத் தொட்ட பிறகுதான் விறுவிறுவென்று பருக்கும். பையன் ஊஞ்சலாடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அந்த நுனி ஒடிந்தால் அங்கே ஒரு தூண் போயிற்று. வளாகத்துக்குள் பெரிய பொந்தன்புளி மரமும் உண்டு, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த சாதி. அம்மாவுக்குக் கேட்டிலிருந்து மரம் வரை நடை கொஞ்சம் அதிகம்தான். காலை ஒரு வேளை, மதியத்துக்குப் பின் ஒரு வேளை என்று பிரித்துத்தான் விடுவார்கள். நேரத்தை முன்கூட்டியே போனில் உறுதி செய்யும்போது, வயதானவர் வருகிறார், வண்டி உள்ளே விடுவீர்களா என்றும் கேட்டுவிடுங்கள். தின்பண்டம் கொண்டுபோக வேண்டாம்.

செம்மொழிப் பூங்கா பழைய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருந்த இடம். 2010 நவம்பரில் திறந்தது, சுமார் 20 ஏக்கர். புதிதாக நட்ட அலங்காரச் செடிகளைவிட, ஓட்டல் காலத்திலிருந்து நிற்கும் பெரிய மரங்கள்தான் எனக்குப் பெரிது. அம்மா உட்காரப் பெஞ்சு நிறைய உண்டு, பாதையும் சமம். காலை பத்துக்குப் போய்ப் பன்னிரண்டுக்குள் முடித்துவிடலாம். எதிர்ப்பக்கமே 2024 அக்டோபரில் திறந்த கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா. திறந்தபோது வைத்த நுழைவுக் கட்டணம் பெரியவர்களுக்கு 100, சிறுவர்களுக்கு 50 ரூபாய். ஆனால் ஜிப்லைன், கண்ணாடி மாளிகை, பறவையகம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டிக்கெட். எது வேண்டும் என்று வெளியிலேயே பேசி முடிவெடுத்துவிட்டு நுழையுங்கள், இல்லாவிட்டால் நாலு பேருக்குக் கணக்கு எங்கேயோ போய் நிற்கும்.

செடி வாங்குவதற்கு ஈசிஆர் ஓரத்து நர்சரிகள் தோது, ஞாயிறு திரும்பும் வழியிலேயே வரும். ஒரு எச்சரிக்கை: பெரணி, ஆர்க்கிட், ஆந்தூரியம் வேண்டாம். கடலோரக் காற்றின் ஈரத்தில் செழித்து நிற்பதைப் பார்த்து மயங்கி வாங்குவோம்; மதுரையின் வறண்ட வெயிலில் ஒரு மாதத்தில் இலை நுனி கருகும். அடினியம், காகிதப்பூ, நந்தியாவட்டை இவை எங்கும் பிழைக்கும். கவரின் அடியைத் தூக்கிப் பாருங்கள்: தடித்த வேர் வெளியே வந்து, நுனி புதிதாக அறுந்திருந்தால் அது தரையில் வேர்விட்டுப் பிடுங்கிய செடி, ரயிலில் வாடிவிடும். இலையின் அடிப்பக்கமும் கணுவும் பாருங்கள், வெள்ளைப் பஞ்சு மாதிரி இருந்தால் மாவுப்பூச்சி. ஒன்று போதும், வீட்டிலிருக்கும் செம்பருத்திக்கெல்லாம் பரவிவிடும். ஒட்டுக்கன்று என்றால் ஒட்டுக்குக் கீழே கிளம்பும் துளிரைக் கிள்ளிவிட வேண்டும்.

ரயிலுக்கு முந்தின நாள் தண்ணீர் ஊற்றுங்கள், கிளம்பும் அன்று ஊற்றாதீர்கள். ஈர மண் கனத்து, குலுங்கும்போது வேரிலிருந்து உதிரும். செய்தித்தாளைக் கசக்கி மண்ணின் மேல் அடைத்து, அட்டைப்பெட்டியில் நெருக்கமாக நிறுத்தி, சீட்டுக்கு அடியில் வையுங்கள். ஏசி பெட்டி என்றால் மேலே துணி போடுங்கள், வறண்ட காற்றில் இலை உதிரும். வீட்டுக்குப் போனதும் தொட்டி மாற்றாமல் ஒரு வாரம் நிழலில் வையுங்கள்.

வைகைக்கரை:
மிக்க நன்றி. கிழமையைக் கவனிக்காமலே ஓட்டல் பதிவு செய்துவிட்டோம். இப்போது வரிசையை மாற்றியாயிற்று. இரண்டு கேள்வி பாக்கி. கிண்டியில் மான் கட்டாயம் பார்க்க முடியுமா? கடலாமை பார்க்கக் கூட்டிப் போவார்கள் என்கிறார்களே, அது?

கூழைக்கடா:
கிண்டி தேசியப் பூங்கா 270 ஹெக்டேர். அதற்குள் நினைத்தபடி உலாவ முடியாது, வனத்துறை அனுமதி வேண்டும். உங்களுக்குத் திறந்திருப்பது அதன் ஓரத்தில் இருக்கும் சிறுவர் பூங்காதான். மான் அங்கேயே பார்க்கலாம். வித்தியாசத்தை மட்டும் பையனுக்குச் சொல்லிக் கொடுங்கள். புள்ளிமான் கொம்பு கிளை விட்டிருக்கும், உதிர்ந்து திரும்ப முளைக்கும். வெளிமானின் கொம்பு திருகு திருகாக, கிளையில்லாமல், ஆயுளுக்கும் ஒன்றே. வளர்ந்த கிடாவுக்கு முதுகு கறுத்திருக்கும். வெளிமானுக்குத் திறந்த புல்வெளி வேண்டும். புதர் மண்டினால் அது ஒதுங்கிப்போகும், புள்ளிமான் பெருகும். கிண்டியில் புல்வெளியைக் காப்பாற்றுவது அதனால்தான் அவ்வளவு முக்கியம். பிஸ்கட், பாப்கார்ன் எதையும் போடாதீர்கள்.

கடலாமை நடையை மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு நடத்துகிறது. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏழு கிலோமீட்டர் போல, நள்ளிரவில், மணலில். பொதுமக்களை வெள்ளி, சனி இரவுகளில்தான் சேர்ப்பது வழக்கம். உங்கள் நாட்களுக்கும் பொருந்தாது, அம்மாவுக்கும் ஆகாது. முட்டை பொரிக்க ஏறத்தாழ 45 நாளாவது ஆகும் என்பதால் குஞ்சுகளைக் கடலில் விடுவது மாசி, பங்குனியில்தான் சூடுபிடிக்கும்.

நிழல்மரம்:
திங்கள் மதியத்துக்குப் பின் நேரம் மிச்சமானால் அடையாறு உப்பங்கழியை மீட்டு உருவாக்கிய தொல்காப்பியப் பூங்காவையும் யோசியுங்கள். 58 ஏக்கர், 2011-இல் திறந்தது. முன்பதிவு விவரம் பார்க்காமல் வாசலில் போய் நிற்க வேண்டாம். கார் டிரைவரிடம் அடையாறு பக்கம் மெட்ரோ வேலைக்காக எந்தச் சாலை ஒருவழி என்று அன்று காலையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஆலமரத்துக்குக் காலை வேளை தவறினால் மதியம் வரை காத்திருக்க வேண்டும்.