இரும்பு எஞ்சின் புல்லட்டுக்குப் புது பேரல், ஹெட் வாங்கியபோது கண்டவை

1955-இல் சென்னையில் தொடங்கிய ராயல் என்ஃபீல்டு புல்லட் 350 மோட்டார்சைக்கிளின் இரும்பு சிலிண்டர் எஞ்சின், 70 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) என்ற அதே அளவுகளோடு அரை நூற்றாண்டு காலம் திருவொற்றியூரிலிருந்து வெளிவந்தது. அளவுகள் இவ்வளவு காலம் மாறாததால், ஒரு பழைய பேரலை, அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டரை, மாதிரியாக வைத்து மணலில் அச்செடுத்து வார்ப்பது எந்தச் சிறிய வார்ப்படச் சாலைக்கும் எளிதாகிவிட்டது. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையானாலும் தில்லி கரோல் பாக்கானாலும், ஒரே பாகம் மூன்று நான்கு தரங்களில் ஒரே அலமாரியில் இருக்கும். பெட்டியும் விலையும் தரத்தைக் காட்டிக் கொடுப்பதில்லை என்பதால், நானும் என்னோடு பழைய வண்டிகளைப் பழுது பார்க்கும் நண்பர்களும் கண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

நண்பர் ஒருவர் வாங்கி வந்த பேரல் கறுப்புப் பெயிண்டில் பளபளவென்று இருந்தது. ஃபின்களின் (சூடு தணிக்கும் வெளித்தகடுகளின்) அடிப்பகுதியில் சற்றுத் தடித்திருந்த இடத்தைச் சுரண்டியபோது பெயிண்டுக்கு அடியில் பட்டி வைத்துத் தேய்த்திருந்தது தெரிந்தது. பட்டியை எடுத்ததும் கடுகு நுழையும் அளவில் துளைகள் வெளிப்பட்டன. துளை இருப்பதாலேயே வார்ப்பு கெட்டது என்று நான் சொல்லமாட்டேன். உள்சுவர் வழுவழுப்பாக, உருண்டையாக இருக்கும் துளை காற்று சிக்கியதால் வந்தது. அது ஃபின்னின் நுனியில் ஒன்றிரண்டு இருந்தால் கேடில்லை. சொரசொரப்பாக, கிழிந்ததுபோல ஒழுங்கற்று இருக்கும் துளை, உலோகம் உறையும்போது சுருங்கி, அந்த வெற்றிடத்தை நிரப்ப உருகிய உலோகம் வந்து சேராததால் உண்டானது. அது வெளியே தெரிவதைவிட உள்ளே ஆழமாகப் போயிருக்கும். ஸ்டட் (பேரலையும் ஹெட்டையும் இறுக்கும் நீண்ட போல்ட்டு) துளைகளின் அருகிலோ, அடித்தட்டிலோ, வால்வைத் திறக்கும் புஷ் ராடு செல்லும் வழியின் சுவரிலோ அத்தகைய துளை ஒன்றே ஒன்று இருந்தாலும் அந்தப் பேரலை வாங்கக் கூடாது. எல்லாவற்றையும்விட, துளையைப் பட்டியால் மறைத்திருப்பதே அதைத் திருப்பிக் கொடுக்கப் போதுமான காரணம்.

இதைவிட அதிகம் ஏமாற்றுவது சுவரின் கனம். வார்க்கும்போது உட்குழிவுக்காக நடுவில் வைக்கும் கோர் (மணல் உள்ளச்சு) சற்று நகர்ந்துவிட்டால், போர் மட்டும் லேத்தில் சரியாக வட்டமாக வெட்டப்பட்டிருக்கும். ஆனால் சுவர் ஒருபுறம் தடித்தும் மறுபுறம் மெலிந்தும் போயிருக்கும். பேரலைத் தலைகீழாகத் திருப்பி, கிராங்க் கேஸுக்குள் (எஞ்சினின் அடிக்கூட்டுக்குள்) இறங்கும் அடிப்பகுதியில் நான்கு பக்கமும் வெர்னியரால் அளந்தால் இது தெரிந்துவிடும். அந்தப் பகுதியின் வெளிப்புறமும் கடைசல் பிடிக்கப்பட்டிருந்தால் அங்கே கனம் சமமாகவே காட்டும் என்பதால், புஷ் ராடு வழிக்கும் போருக்கும் இடையிலுள்ள சுவரையும், மேல் முகத்தில் ஸ்டட் துளைகள் போரிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மெலிந்த பக்கம் சூட்டில் வேறுவிதமாக விரிவதால் போர் நீள்வட்டமாகிறது. அதோடு, அடுத்த ஓவர்சைஸ் பிஸ்டனுக்காகப் போர் போடவும் (உள்விட்டத்தைக் கடைந்து பெரிதாக்கவும்) அங்கே உலோகம் மிஞ்சாது.

இரும்பின் தரத்தைக் கடையில் நின்றபடி அறிய முடியாது. அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் புது பேரல் ஒன்றைப் போர் போடக் கொடுத்தபோது, "சீவல் எப்படி விழுதுன்னு பாருங்க தம்பி, கறுப்பா மாவு மாதிரி உதிர்ந்தா நல்ல இரும்பு," என்று அருகில் நிறுத்திக் காட்டினார். சாம்பல் வார்ப்பிரும்புக்குள் கிராஃபைட் தகடு தகடாகப் பரவியிருப்பதால் சீவல் சுருளாக வராமல் உதிர்கிறது. தொட்ட விரல் கறுக்கிறது. அந்தப் பேரலில் பாதி தூரம் நன்றாக வெட்டிய டூல் ஓரிடத்தில் கிறீச்சிட்டது. அங்கே மட்டும் சுவர் வெள்ளையாக மின்னியது. வேகமாகக் குளிர்ந்ததால் கிராஃபைட் பிரிய நேரமில்லாமல் கெட்டிப்பட்ட இடம் அது. போரில் அத்தகைய கெட்டித் திட்டு இருந்தால் ஹோனிங் (சுவரைக் கல்லால் தேய்த்து மெருகேற்றுவது) சீராக அமையாது, பிஸ்டன் ரிங்குகளும் ஒழுங்காகப் படியாது.

வார்ப்பினுள் தங்கிவிடும் இறுக்கத்தைப் பற்றியும் அவர்தான் சொன்னார். நல்ல வார்ப்படச் சாலைகள் வார்ப்பை 500 முதல் 600 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, மெல்ல ஆறவிட்டு அந்த இறுக்கத்தை நீக்குகின்றன. அதைச் செய்யாமல் விற்ற பேரல் ஒன்று, மாட்டும்போது போர் கேஜில் சரியான வட்டமாக இருந்து, சில வாரங்கள் ஓடிய பிறகு புகை கக்கத் தொடங்கியது. கழற்றி அளந்தபோது வட்டம் போயிருந்தது. பல ஆண்டுகள் சூடேறி ஆறிய பழைய அசல் பேரலில் அந்த இறுக்கம் பெரும்பாலும் தீர்ந்துவிட்டிருக்கும். ஆகவே, ஊர் பேர் தெரியாத புதியதைவிட, விரிசலில்லாத பழையதற்கு ஸ்லீவ் (உள்ளே இறுக்கிச் செருகும் இரும்புக் குழாய்) அடித்துப் போர் போடுவதையே நான் விரும்புகிறேன். புதுப்பேட்டையில் அப்படிப்பட்ட பேரல்களைத் தேடுவதற்குச் செலவிடும் நேரம் வீணல்ல.

பேரலின் மேல் மூடியாக அமரும் அலுமினிய ஹெட்டில் சிக்கல் வேறு வகையானது. அலுமினியம் வார்ப்பிரும்பைப்போல ஏறத்தாழ இரு மடங்கு விரிவடைவதால், வால்வு அமரும் சீட்டும் அதன் தண்டு ஓடும் கைடும் போதிய இறுக்கத்தில் அடிக்கப்படவில்லையென்றால் சூட்டில் தளர்ந்துவிடும். கேஸ்கட் முகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, ஊசிமுனைப் புள்ளிகள் பரவியிருந்தால், உருக்கிய அலுமினியத்திலிருந்து ஹைட்ரஜன் வெளியேற்றப்படவில்லை என்று கொள்ளலாம். வால்வுகளை மாட்டி, போர்ட்டுகளை அடைத்து, இலேசாகக் காற்றழுத்தம் கொடுத்துத் தண்ணீரில் அமிழ்த்தினால், குமிழி வால்விலிருந்து வருகிறதா, வார்ப்பின் சுவரிலிருந்தே வருகிறதா என்பது தெளிவாகும். முதலாவதை லேப்பிங் செய்து (வால்வைச் சீட்டில் தேய்த்துப் பொருத்தி) சரிப்படுத்தலாம், இரண்டாவதை நான் ஏற்பதில்லை. ஸ்பார்க் பிளக்கின் 14 மி.மீ. மரையையும் புது பிளக் ஒன்றைக் கையாலேயே கடைசிவரை திருகிச் சோதிப்பது நல்லது.

கிராங்க் கேஸை மட்டும் புதிதாக வாங்க நான் யாரிடமும் சொல்வதில்லை. ஆர்.சி. புத்தகத்திலுள்ள எஞ்சின் எண் அதில்தான் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதை மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகம் வரை போக வேண்டியிருக்கும். விரிசல் விட்ட அசலை, நன்றாகக் கழுவி எண்ணெய் நீக்கி, ஆர்கான் வெல்டிங் வைத்து, பேரிங் இருக்கைகளை மறுபடி கடைந்துகொள்வதே நடைமுறைக்கு ஏற்றது. பிரேக் பிளேட், ஹப் போன்றவை உயிரோடு தொடர்புடையவை. அவற்றில் அசல் பழையது கிடைக்கும்வரை காத்திருப்பேன்.

வாங்கும்போது கடைக்காரரிடம், லேத்தில் ஏற்றிய பிறகு குறை தெரிந்தாலும் பாகத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வாரா என்பதை முன்கூட்டியே கேட்டு, பில்லின் பின்புறம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தம் சரக்கை நன்கு அறிந்த அண்ணாச்சிகள் தயங்காமல் எழுதித் தருவதை நான் பார்த்திருக்கிறேன்.