அடிபட்ட ஹைப்ரிட் கார் பேட்டரி: அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

வணக்கம். கடலூர் பக்கம் தீயணைப்பு வேலையில இருக்கேன். போன வாரம் ராத்திரி ரெட்டிச்சாவடி கிட்ட ஒரு ஹைப்ரிட் கார் (பெட்ரோல், பேட்டரி ரெண்டுலயும் ஓடுறது) புளியமரத்துல மோதிக் கிடந்துச்சு. இன்ஜின் சத்தமே இல்ல. ஆஃப்னு நெனச்சு எட்டிப் பார்த்தா டேஷ்போர்டுல ‘ரெடி’ன்னு பச்சை விளக்கு எரியுது, அதாவது வண்டி இன்னும் ஆன்லதான் இருக்கு! பின்சீட்டுக்கு அடியில ஹை வோல்டேஜ் போற ஆரஞ்சு கேபிள் நசுங்கி, உள்ள உலோகம் தெரியுது. கட்டரோட குனிஞ்ச தம்பியைச் சட்டையைப் பிடிச்சு இழுத்தேன்.

சக்கரத்துக்கு முட்டு கொடுத்து, வண்டியை அணைச்சு, 12 வோல்ட் பேட்டரியைக் கழட்டி, கெப்பாசிட்டர்ல தேங்கி நிக்கிற கரண்ட் இறங்க 10 நிமிஷம் காத்திருந்தோம். அதெல்லாம் செஞ்சாலும் பெரிய பேட்டரிக்குள்ள 200 வோல்ட் கிட்ட அப்படியே நிக்கும். அதுதான் வயித்தைக் கலக்குது.

1000 வோல்ட் தாங்குற ரப்பர் கிளவுஸ், மேல போடுற தோல் உறையோட, புதுச்சேரியில எந்தக் கடையில கிடைக்கும்? சாதா கிளவுஸ் காட்டி ஏமாத்துறாங்க.

இன்னொண்ணு, லித்தியம் பேட்டரி நாள் கழிச்சும் திரும்பப் பத்திக்கும். அடிபட்ட வண்டியைச் சுத்தி 50 அடி காலியா விடணுமாம். நம்ம ஊர் ஸ்டேஷன் வாசல்ல ஏது அவ்வளவு இடம்? நீங்க எங்க நிறுத்துறீங்க? மழை வெள்ளத்துல உப்புத்தண்ணி ஏறின வண்டியைக் கையாண்டவங்க இருந்தா அதையும் எழுதுங்க, ஐப்பசி வரப்போகுது.