யிடாக்கி தாளப் பயிற்சி: ஒரு புதுப்பிப்பு

மூக்கால் மூச்சிழுத்தபடியே வாயால் இடைவிடாது ஊதும் சுழல் மூச்சு கைவந்த பிறகும், ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் நீண்ட மரக்குழலான டிட்ஜெரிடூவில் தாளம் உருவாகாமல் ஒரே ரீங்காரமாகவே நிற்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். மூச்சைப் பற்றிய கவலையை விட்டு முதலில் நாக்கைக் கவனியுங்கள் என்று வந்த பதில்தான் எனக்கு வழியைத் திறந்தது.

ஆஸ்திரேலியாவின் வடகிழக்கு ஆர்னம் லாந்தில் வாழும் யோல்ங்கு மக்கள் யிடாக்கி என்றழைக்கும் இக்கருவியில், தாளம் வாயால் சொல்லும் சொற்கட்டாகவே கற்பிக்கப்படுகிறது. அந்த அசைகளை நாக்கு குழலுக்குள் அழுத்தமாகச் சொல்லும்போது, கன்னத்தில் தேங்கிய காற்றை வெளியே தள்ளியவாறு மூக்கால் இழுக்கும் சிறு மூச்சும் தாளத்தின் ஓர் அசையாகிவிடுகிறது. மூச்சுக்கான இடத்தைத் தாளமே வகுத்துத் தருகிறது. இது புரிந்தபின் குழலைத் தொடாமல் அசைகளை மட்டும் மெதுவாகச் சொல்லிப் பழகினேன். இப்போது எளிய சுற்று ஒன்று தடையின்றி ஓடுகிறது, அந்த மகிழ்ச்சியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

யிடாக்கி பாணியில் உதட்டை இறுக்கி எழுப்பும் உயர்ந்த ஊதொலி இன்னும் தெளிவாக வரவில்லை. மேற்கு ஆர்னம் லாந்தில் மாகோ எனப்படும் டிட்ஜெரிடூவின் பாணியில் அது பெரும்பாலும் இடம்பெறாது என்பதால், தொடக்கத்தில் இரு பாணிகளையும் கலக்காதிருப்பதே நல்லது.

பில்மா என்னும் தாளக்கட்டைகளோடு மனிகாய் எனப்படும் யோல்ங்கு சடங்குப் பாடல்களுக்கு வாசிக்கப்படும் தாளங்கள் அந்தந்தக் குலங்களுக்கு உரியவை. எனவே சடங்கு ஒலிப்பதிவுகளைக் கேட்டு நகலெடுக்காமல், யோல்ங்கு கலைஞர்களே வெளியாருக்குக் கற்பிக்க முன்வந்த பயிற்சிகளை மட்டுமே தொடர்கிறேன். கற்க விரும்பும் மற்றவர்களையும் அவ்வாறே செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.